தரையிலிருந்து வந்த இரைச்சல்

அருணாவை வயல் வழியாகவே வரச் சொல்லுங்கள் என்று சொன்னவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கில் சொத்தை இருந்தால் அதை மூட்டையின் வாயிலேயே காட்டிவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் பேசுவார்கள், ஒருவரும் செய்ததில்லை. நான் இங்கே செய்கிறேன்.

எனக்குப் போளூர். பெயர் அன்பரசன். அப்பா புளி மண்டி வைத்திருந்தார். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் புளியை அவர் முகர்ந்து பார்த்து முகம் சுளிக்கும் அழகுக்கே விலையில் கால்பங்கு குறைந்துவிடும். பேரம் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தேன். பிறகு புளியை விட்டுவிட்டு மைக்குக்கு வந்தேன். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு மைக், ஹெட்போன், மைக்கை கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சின்னப் பெட்டி (இன்டர்ஃபேஸ் என்பார்கள்) எல்லாவற்றையும் விற்பேன். விற்றதோடு விடாமல் வீட்டுக்கே போய் மாட்டியும் கொடுப்பேன். மாட்டத் தெரியாமல் கெடுத்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள் என்ற பயம்தான், வேறு பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

அப்படித்தான் அந்த ஐப்பசியில் நதியாவின் வீட்டுக்குப் போனேன். காவலூரைத் தாண்டி, தார்ச்சாலையிலிருந்து உள்ளே இறங்கினால் இருபது வீடுகள். அதில் கடைசி வீடு. அதற்குப் பின்னால் ஒரு பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் சரிவில் சாமை வயல். நதியா கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மேடையில் பாடுகிறவள். பாட்டைத் தானே கட்டுவாள். போனில் பதிந்து போட்டதில் பாதி அவள் குரல், பாதி காற்று. காற்று இல்லாமல் கேட்க வேண்டுமென்று ஊரில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

அவள் புருஷன் சந்திரன் அதிகம் பேசாதவன். ஆனால் வேலையில் கெட்டி. எதிரொலி வராமல் இருக்கச் சுவருக்கு ஏதாவது செய்து வையுங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால், சாமை வைக்கோலைச் சாக்கில் அடைத்துத் தைத்து நாலு சுவரிலும் தொங்கவிட்டிருந்தான். நான் உள்ளே நின்று கை தட்டினேன். தட்டின சத்தம் கையோடு நின்றுவிட்டது. சென்னையில் இதற்கு ஒரு ஆளை வைத்து அளவெடுப்பார்கள்.

முந்தின நாள் ராத்திரி மழை கொட்டியதில் கரண்ட் போயிருந்தது. நான் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோதும் வரவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டில்லை. லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருந்தது. இன்டர்ஃபேஸுக்குத் தனியாகக் கரண்ட் வேண்டாம், லேப்டாப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மாட்டினேன். நதியா மேடைப் பழக்கத்தில் மைக்கைக் கையில் பிடித்துதான் பாடுவேன் என்றாள், ஸ்டாண்டை ஓரமாக வைத்துவிட்டேன். சாணம் போட்டு மெழுகிய தரை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் வெறுங்காலோடு நின்று இரண்டு வரி பாடினாள். ஹெட்போனில் கேட்டேன். அவள் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் கரண்ட் வந்ததும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று துளை இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் இல்லாத வீட்டில் மைக் போட்டால் ஹெட்போனில் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல் வரும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. சந்திரனிடம் ஒரு கடப்பாரை வாங்கி, வீட்டுக்குப் பின்னால், வயல் பக்கத்து ஈர மண்ணில் பாதிக்கு மேல் இறங்கும்வரை அடித்தோம். அதிலிருந்து ஒரு வயரை ஜன்னல் வழியாக இழுத்து இன்டர்ஃபேஸின் உடம்பில் கட்டினேன். இனி இரைச்சல் வந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சந்திரனிடம் பெருமை பேசினேன். அவன் சிரித்துவிட்டு, மாட்டை ஓடைப் பக்கம் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான்.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு மிக்ஸி அலறியது. நதியாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டாம் குரல் பாட அருணாவைக் கூப்பிட வேண்டும் என்றாள். அருணா சந்திரனின் தங்கை. வயலுக்கு அந்தப் பக்கத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. போன் எடுக்கிற இடம் வாசலில் இருந்த புளியமரத்தடி மட்டும். நதியா அங்கே போய் நின்று பேசினாள். நானும் கூடப் போய் நின்றேன்.

மழை பெய்து சேறாக இருக்கிறது, தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று அருணா சொன்னாளாம். சாலை வழியாக எவ்வளவு நேரம் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆகும், வயல் வழியாக என்றால் பத்து நிமிஷம் என்றாள் நதியா. எனக்கு மூன்று மணிக்குக் கணியம்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் செட் வேலை. கையில் கடிகாரம் இருந்தது. வாயும் சும்மா இருக்கவில்லை.

“வயல் வழியாவே வரச் சொல்லும்மா. நேரமாவுது” என்றேன்.

நதியா அப்படியே சொன்னாள். உள்ளே வந்தோம். அருணா வருவதற்குள் ஒரு தடவை பாடிப் பார்க்கலாம் என்று நதியா மைக்கை எடுத்தாள். நான் ஹெட்போனை மாட்டினேன்.

இரைச்சல். சாதாரண இரைச்சல் இல்லை. தேனடைக்குள் காதை விட்ட மாதிரி ஒரே சீராக, கனமாக இரைந்தது. நான் கைகாட்டி நிறுத்துவதற்குள் நதியாவே மைக்கை வாயிலிருந்து விலக்கி உதட்டைத் தடவினாள்.

“ண்ணா, இன்னா இது? மைக்கு கடிக்குது.”

பாடகிகள் புது மைக்கை ஏதாவது குறை சொல்வது வழக்கம்தான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டே அதை வாங்கினேன். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே இருந்தேன். உள்ளங்கையில் சுருக்கென்றது. எறும்பு வரிசையாக நடப்பது போல ஒரு குறுகுறுப்பு, கையை விட்டு இறங்காமல் அங்கேயே இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளாமல், கரண்ட் வந்ததும் மாட்டியிருந்த லேப்டாப் சார்ஜர்மேல் பழியைப் போட்டேன். சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் குறையவில்லை. வீட்டு வயரிங்மேல் பழியைப் போட்டேன். கதவுப் பக்கம் இருந்த மெயின் சுவிட்சையே இறக்கினேன். பல்பு அணைந்தது. வீட்டுக்குள் இப்போது கரண்ட் என்று ஒன்று கிடையாது. மைக்கைக் கையில் எடுத்தேன். குறுகுறுப்பு அப்படியே இருந்தது.

என் தொழிலில் பழி போட ஆள் தீர்ந்துபோன முதல் தடவை அது.

மிச்சம் இருந்தது நான் கட்டின எர்த் வயர் ஒன்றுதான். அதைக் கழற்றினேன். இரைச்சல் கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. கையிலும் ஒன்றும் இல்லை. மறுபடி கட்டினேன். வந்தது. கழற்றினேன், போனது. மூன்று தடவை செய்து பார்த்தேன்.

இரைச்சலை உறிஞ்சிக் குடிக்கட்டும் என்று நான் மண்ணில் அடித்த கடப்பாரை, மண்ணிலிருந்து கரண்டைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பியில் இருக்க வேண்டியது தரையில் இருந்தது. காலையில், கரண்ட் இல்லாதபோது, இது இல்லை. கரண்ட் வந்ததும் வந்திருக்கிறது. அப்படியென்றால் பக்கத்தில் எங்கேயோ லைனிலிருந்து ஒரு கம்பி இறங்கி, ஈர மண்ணில் கிடக்கிறது.

எந்தக் கம்பி என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கதிர் முற்றிய சாமை, காட்டை ஒட்டின வயல், ராத்திரியில் இறங்கும் பன்றி. பொழுது சாய்ந்ததும் லைன்மேல் ஒரு கொக்கியை மாட்டி, வயலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் வெறும் கம்பியை ஓட விடுவார்கள். விடிந்ததும் கொக்கியை எடுத்துவிடுவார்கள். மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. பிடித்தால் ஜெயில். அதனால் யாரும் பக்கத்து வீட்டுக்காரனிடம்கூடச் சொல்வதில்லை. கம்பி பன்றியைத்தான் தொடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

சந்திரன் மாட்டைக் கட்டிவிட்டு வந்தான். காலைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் நான் நேராகக் கேட்டேன், பன்றிக்கு யாராவது கம்பி போட்டிருக்கிறார்களா என்று.

“எங்க பக்கம் அந்தப் பழக்கமே இல்லீங்க” என்றான்.

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. சரக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்கிறவனை அப்பா விடவே மாட்டார். நானும் விடவில்லை. ஆனால் அதட்டவில்லை. கரண்ட் வந்து அரைமணி நேரமாகப் போகிறது, இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவன் கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. நிமிர்ந்து பல்பைப் பார்த்தான்.

“பல்பு எரியலியே.”

“மெயின நான்தான் எறக்கி வெச்சிருக்கேன்.”

“கரண்ட் வந்துச்சா?” என்று நதியாவைப் பார்த்துக் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் சொம்பைக் கீழே வைத்தான். ராத்திரி கொக்கி போட்டதும் கரண்ட் போய்விட்டதாம். காலையில் மழை. அதோடு நான் வந்துவிட்டேன். செத்த கம்பிதானே, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். ஓடைப் பக்கம் பல்பும் இல்லை மிக்ஸியும் இல்லை, கரண்ட் வந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் அவன் கோர்வையாகச் சொல்லவில்லை. அங்கங்கே விட்டு விட்டுச் சொன்னதை நான் கோத்துக்கொண்டேன். வரப்பு வழியில் கம்பியைக் கட்டியிருந்த ஒரு முளைக்குச்சி நேற்றே ஆடிக்கொண்டிருந்தது, மழையில் விழுந்திருக்கும், கம்பி வழிமேல்தான் கிடக்கும் என்றும் சொன்னான்.

நதியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அருணா அந்த வழியாதான் வருது” என்றாள். “நான்தான் வரச் சொன்னேன்.”

நான்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவள் புளியமரத்துக்கு ஓடினாள். போன் அடித்தது. அருணாவின் மாமியார் எடுத்தாள். போனை சார்ஜில் போட்டுவிட்டு, சமையலை முடித்து இப்போதுதான் கிளம்பினாள் என்றாள். ஏன், என்ன விஷயம் என்று அந்த அம்மாள் கேட்டது எனக்கும் கேட்டது. நதியா போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

சந்திரன் அதற்குள் பரணில் இருந்த மூங்கிலை உருவியிருந்தான். கொக்கி மாட்டியிருந்த கம்பம் வயலின் கீழ்க்கோடியில். மூங்கிலால் கொக்கியைத் தட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அங்கே காட்டுக்கொடி ஏறிக் கிடப்பதால், விழுந்ததா, கொடியில் சிக்கித் தொங்குகிறதா என்று கீழே இருந்து தெரியாது. தெரியாமல் வயலில் கால் வைத்தால் அவன் கதையும் முடிந்தது.

“எனக்குத் தெரியும்” என்றேன். “கடப்பார கட்டுன வயர நான் புடிச்சிக்கினு நிக்கறேன். கரண்ட் நின்னா கையிலயே தெரியும். நதியா பாறமேல நிக்கட்டும். நான் சொன்னதும் செவப்புத் துண்டக் காட்டும். துண்டு தெரியாம வயல்ல எறங்காத.”

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அதில் வயல் பக்கமே போகத் தேவையில்லாத ஒரே ஆள் நான் என்பதையும் அப்போதே கவனித்தேன்.

சந்திரன் மூங்கிலோடு ஓடினான். நதியா துண்டோடு பாறையில் ஏறினாள். அவள் நிற்பது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது, இடுப்புவரை. வயல் தெரியவில்லை. நான் எர்த் வயரைக் கட்டி, ஹெட்போனை மாட்டி, ஈரத் தரையில் காலை அழுத்தி ஊன்றி, மைக்கைப் பிடித்தேன்.

கையில் எறும்பு. காதில் தேனீ. கரண்ட் இருந்தது.

எத்தனை நிமிஷம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் நதியாவின் குரல். அவள் பார்க்கிறதைப் பார்க்கப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குச் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில். அது ஓடைய தாண்டிடுச்சு (புருஷனை அது என்றுதான் சொல்வாள்). இன்னும் கம்பத்தாண்ட போகல. அருணா தெரியல. அருணா தெரியல.

“வந்துட்டா” என்றாள். “வரப்புல வர்றா. தலையில துண்டு போட்டுக்கினு கீறா.”

கூப்பிடு என்று கத்தினேன். அவள் கூப்பிட்டாள். மேடையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை எட்டுகிற குரல். காற்று எதிரில் அடித்தது. அருணா காதில் விழவில்லை. குனிந்து சேற்றைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாளாம்.

என் கையில் குறுகுறுப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு பெண் அதன்மேல் கால் வைத்தால் இது மாறுமா? எவ்வளவு மாறும்? ஹெட்போனில் சின்னதாக ஒரு குழி விழுமா, அவ்வளவுதானா? நாளெல்லாம் சத்தத்தை அளந்து விற்கிறவன் நான். ஒரு ஆள் சாவது எந்த அளவில் கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்று ஊரில் இருக்கிற எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சாமியிடம்கூடப் பேரம்தான் பேசினேன். கணியம்பாடி வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன், இதுபோல இனிமேல் யாரையும் அவசரப்படுத்த மாட்டேன் என்றேன். விலை படியவில்லை.

“அது பாத்துடுச்சி” என்றாள் நதியா. சந்திரன் தங்கையைப் பார்த்துவிட்டான். கம்பத்துக்கும் போகாமல், அவளிடமும் போக முடியாமல், கையை ஆட்டிக் கத்துகிறான். “நின்னுட்டா. ண்ணா, அருணா நின்னுட்டா. வரப்பு மேலயே நிக்கறா.”

நிற்கட்டும், அப்படியே நிற்கட்டும் என்றேன். சந்திரன் மறுபடி கம்பத்துக்கு ஓடினான். கொடிக்குப் பின்னால் போய்விட்டதால் அவன் தெரியவில்லை, மூங்கிலின் முனை மட்டும் மேலே ஆடுகிறது என்றாள் நதியா.

கையில் எறும்பு நின்றது.

காதில் ஒன்றும் இல்லை. நான் மைக்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். காலை மாற்றி வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இல்லை. காலையில் கேட்ட அதே அமைதி.

“நின்னுடுச்சு நதியா. துண்டக் காட்டு.”

அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். பிறகு வயலைப் பார்த்துத் துண்டை வீசினாள், தலைக்குமேல், இரண்டு கையாலும். நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். மெயின் சுவிட்சைப் போட்டால் வீட்டில் பல்பு எரியும், இனி எல்லாம் சரி என்று இருக்கும். அந்தப் பல்பைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. போய்ச் சுவிட்சைத் தூக்கினேன்.

பல்பு எரியவில்லை.

இறக்கி மறுபடி தூக்கினேன். எரியவில்லை. இரண்டு வீடு தள்ளி ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியின் சத்தமும் இல்லை. அது எப்போது நின்றது என்று நான் கவனித்திருக்கவில்லை.

கொக்கி விழுந்திருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கரண்ட்டே போயிருக்கிறது. மலையில் கரண்ட் போவதும் வருவதும் யாருக்கும் கணக்கில்லை, போன நிமிஷமே திரும்பி வரும். கொக்கி இன்னும் மேலேயே இருக்கலாம். அல்லது ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸ் சும்மா போகாது. கம்பியில் ஏதோ பட்டிருக்க வேண்டும். எது பட்டது, யார் பட்டது? எப்படிப் பார்த்தாலும் என் கையில் நின்ற எறும்புக்கு அர்த்தம் நான் சொன்ன அர்த்தம் இல்லை. நான் அதற்குள் துண்டைக் காட்டச் சொல்லிவிட்டேன்.

“காட்டாத” என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். “துண்ட எறக்கு.”

“இன்னாண்ணா?”

“எறக்கு.”

இறக்கினாள். ஆனால் அவள் கண் வயலில் இருந்தது.

“ஓடி வர்றா. அருணா ஓடி வர்றா.”

நான் பாறையைச் சுற்றி ஓடினேன். வெறுங்கால். சரிவில் இரண்டு தடவை விழுந்தேன். புதர் முகத்தில் அடித்தது. வயலின் ஓரத்தில் நின்றேன், அதற்குமேல் கால் வரவில்லை. எந்த இடத்தில் கம்பி, எங்கே என் கால், கரண்ட் வந்துவிட்டதா வரவில்லையா? ஹெட்போன் இல்லாமல் அந்த மண்ணைப் பார்த்தால் எல்லா மண்ணும் போலத்தான் இருந்தது.

கம்பத்தடியில் ஒருவர் படுத்திருந்தார். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

யார் படுத்திருக்கிறார்கள் என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர் கையை ஓங்கிப் படுத்திருந்தவரின் தோளில் அடித்தார். அப்புறம் திட்டுகிற குரல் வந்தது. பெண் குரல்.

வயலைத் தொடாமல், வெளி விளிம்பில் பாறைமேலேயே காலை வைத்துக் கம்பத்துக்குப் போனேன். அருணா இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். மூங்கிலால் தட்டியபோது கொக்கி விழாமல், ஒரு லைனை இழுத்து இன்னொரு லைனோடு உரச வைத்துவிட்டதாம். பெரிய பொறி. சந்திரன் பயத்தில் பின்னால் சாய்ந்து விழுந்தான். அந்தப் பொறியில்தான் ஊருக்கே ஃபியூஸ் போயிருக்கிறது. அவனுக்குப் புருவம் கருகியிருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான், எழுந்திருக்க மனசில்லாதவன் மாதிரி.

“இவுரு நில்லு நில்லுன்னு கத்தறாரு, நானும் நின்னுக்கினேன்” என்று அருணா என்னிடம் முறையிட்டாள். “அப்பறம் அண்ணி பாறமேலேந்து துண்டக் காட்டிக் கூப்புடுச்சி. செரின்னு ஓடியாந்தேன். இங்க வந்து பாத்தா இவுரு படுத்துக்கினு கீறாரு. இன்னா ஆச்சி உங்க எல்லாருக்கும்?”

சந்திரனை எழுப்பினேன். லைன்மேல் அந்தக் கொக்கி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. லைன்மேன் வந்து ஃபியூஸைப் போட்டால் எல்லாம் மறுபடி உயிர் பெறும். இரண்டு பேரும் சேர்ந்து மூங்கிலைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றினோம். அது என் காலடியில் வந்து விழுந்த பிறகும் நான் அதைக் கையால் தொடவில்லை. மூங்கிலால் புரட்டிப் பார்த்தேன்.

நதியாவும் வந்துவிட்டாள். அருணாவின் கையைப் பிடித்தவள் அப்புறம் விடவே இல்லை. அருணா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள், நதியா அவள் கையை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சந்திரனைப் பார்த்து, கம்பி மொத்தத்தையும் சுருட்டு, லைன்மேன் வந்தால் உன் கையாலேயே அவரிடம் கொடுத்து உன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாள். அவன் சரி என்றான். போலீஸ், ஜெயில் என்றெல்லாம் அவன் பேசவில்லை.

கம்பியைச் சுருட்டிக்கொண்டே வயலைச் சுற்றி வந்தோம். அவன் இழுத்தான், நான் முழங்கையில் சுற்றினேன். வரப்பு வழிக்கு வந்தபோது முளைக்குச்சி சாய்ந்து கிடந்தது. கம்பி வழியின் குறுக்கே மண்ணுக்குள் போயிருந்தது. சந்திரன் இழுத்தான். வரவில்லை. குனிந்து பார்த்தான். நானும் குனிந்தேன்.

சேற்றில் ஒரு காலடி. வெறுங்கால், பெண் கால், ஓடின காலின் ஆழம். முன்பாதி நன்றாக அழுந்தியிருந்தது. கம்பி அந்தக் காலடியின் நடுவில், விரலுக்கும் குதிகாலுக்கும் இடையில், மண்ணோடு மண்ணாக மிதிபட்டுக் கிடந்தது.

நின்றிருந்தவள் அவள். அண்ணன் சொன்னதைக் கேட்டு நின்றிருந்தவள். நான் துண்டைக் காட்டச் சொன்னேன், இதன்மேல் ஓடினாள்.

ஃபியூஸ் போயிருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எனக்குத் தெரிந்து நான் சொல்லவில்லை. வெறும் ஒரு நிமிஷ மின்தடையாக இருந்திருந்தாலும் என் கையில் எறும்பு அப்படியேதான் நின்றிருக்கும், நானும் அப்படியேதான் கத்தியிருப்பேன்.

சந்திரன் கம்பியை மெல்ல உருவினான். சேறு சப்பென்று விட்டது. அவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இன்னா பாக்கறீங்க ரெண்டு பேரும்?” என்று பின்னால் அருணாவின் குரல்.

அவளே முன்னால் வந்து பார்த்தாள். காலடியைப் பார்த்தாள். அண்ணன் கையில் இருந்த கம்பியைப் பார்த்தாள். அது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு கம்பம்வரை போனாள். அப்புறம் தன் காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள்.

“துண்டக் காட்டச் சொன்னது நான்தாம்மா” என்றேன். “வயல் வழியா வரச் சொன்னதும் நான்தான்.”

அவள் என்னைத் திட்டவில்லை. அண்ணனையும் திட்டவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றாள். பாடவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. கம்பியைச் சுருட்டியாகிவிட்டது, இனி அந்த வழியில் பயமில்லை என்று நதியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அருணா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாலை வழியாகத்தான் போவேன் என்றாள்.

வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அதனால் அவள் முன்னால் நடக்க, நான் வண்டியை முதல் கியரில் போட்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு மின்கம்பம் வரும்போதும் அவள் சாலையைக் கடந்து எதிர் ஓரத்துக்குப் போய், அதைத் தாண்டியதும் திரும்பி வந்தாள். நானும் கடந்து போய்த் திரும்பி வந்தேன்.